உட்கார வைப்பதா நன்றிக்கடன்?

“அப்பா உழைத்தது போதும். இனி ஒரு துரும்பையும் அவர் நகர்த்தக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கட்டும்!”

பேராக் மாநிலத்தில் நம்மவர் குடியிருக்கும் எந்தத் தாமானிலும், எந்த அடுக்குமாடி வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பேசுகிறவர்கள் நல்ல பிள்ளைகள். தகப்பனார் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டு வளர்ந்தவர்கள். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதை நாம் அறிவோம். அறிந்தும் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறோம்: இந்த அன்பு நம் முதியவர்களை நாற்காலியோடு கட்டிப் போடுகிறது, அவர்களுடைய ஆயுளைக் குறைக்கிறது.

கோபம் வருகிறதா? வரட்டும். கோபம் வந்தாலும் சற்று நின்று கேளுங்கள்.

தோட்டத்தில் இருந்தபோது அந்தப் பெரியவர் எப்படி வாழ்ந்தார்? விடியுமுன் எழுந்தார். பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார். பனி சொட்டும் நேரத்தில் நிரை நிரையாக நடந்து, நாளொன்றுக்கு நானூறு ஐந்நூறு மரங்களுக்குப் பால் வெட்டினார். குனிந்தார், நிமிர்ந்தார், மங்கு துடைத்தார், மேட்டில் ஏறினார், பள்ளத்தில் இறங்கினார். பால் எடுத்து, இரண்டு வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தார். மாலையில் லயத்துக்குப் பின்னால் மரவள்ளிக்கும் கீரைக்கும் மண் அணைத்தார். இரவில் கோயில் திடலில் நாலு பேரோடு உட்கார்ந்து உலகத்தைப் பேசினார்.

பிறகு என்ன ஆயிற்று? இரப்பர் மரங்கள் சாய்ந்தன. பல தோட்டங்கள் செம்பனையாயின. பல, வீட்டு மனைகளாயின. சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. பிள்ளைகள் ஈப்போவிலோ அதன் சுற்றுப்புறத்திலோ வீடு பிடித்து அழைத்துக் கொண்டார்கள். அங்கே கீரைப் பாத்தி இல்லை. கோயில் திடல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது. இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. நேற்றுவரை காடு முழுதும் நடந்த கால், இன்று அறையிலிருந்து வாசல்வரை நடப்பதே அதிகம். ஆனால் சாப்பாடு மட்டும் பழைய சாப்பாடு. பால் வெட்டியவன் தின்ற சோறும், கட்டிப் பால் ஊற்றிய தேநீரும்!

விளைவை ஆஸ்பத்திரி வாசலில் போய்ப் பாருங்கள். 2019ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வு, நாட்டின் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் வியாதி என்று கண்டது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் அந்தக் கணக்கு நூற்றுக்கு 31! எல்லா இனத்தாரிலும் நாமே முதலிடம். எதில் முதலிடம் வாங்கியிருக்கிறோம் பார்த்தீர்களா? உணவு, பரம்பரை, வறுமை ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் அசையாத உடம்பு அந்த வியாதிக்கு விரித்து வைத்த பாய் என்பதை மறுக்கும் மருத்துவர் யாருமில்லை. தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகமாக எடுத்துச் செலவழிக்கிறது. தசை தூங்கினால் சர்க்கரை தேங்குகிறது. தேங்கிய சர்க்கரை கண்ணைக் கெடுக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, கடைசியில் காலையே கேட்கிறது.

“வாழ்நாள் முழுதும் உடம்பால்தானே உழைத்தோம்? அந்த உழைப்பு காப்பாற்றாதா? இன்னும் என்ன தேகப்பயிற்சி?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நழுவாமல் பதில் சொல்கிறோம்.

இலண்டன் மாநகரில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் நாளொன்றுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறி இறங்குகிறார். இருவரும் ஒரே கம்பெனி, ஒரே வகை வாழ்க்கை. ஆனால் மாரடைப்பு நோய் ஓட்டுநர்களுக்கு அதிகமாகவும் கண்டக்டர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. உடலசைவு இருதயத்தைக் காக்கிறது என்ற செய்தியை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவை செல்வர்களின் உடம்புகளல்ல; நம்மைப் போன்ற தொழிலாளர்களின் உடம்புகள்! அந்த மருத்துவரும் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

அதற்கு மாறாகவும் ஒரு செய்தி உண்டு. அதையும் மறைக்க மாட்டோம். டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் நகரத்தாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் 2021இல் சொன்னது இது: ஓய்வு நேரத்தில் நடப்பவர்களுக்கும் ஓடியாடுபவர்களுக்கும் இருதய நோய் குறைகிறது, ஆனால் வேலைத்தலத்தில் கடுமையாக உடலை வருத்துகிறவர்களுக்கு அந்தப் பலன் கிடைப்பதில்லை, தீங்கே கூடுகிறது. ஏன்? வேலையில் சுமை தூக்குகிறவன் தன் விருப்பப்படி தூக்குவதில்லை. மூச்சு வாங்க இடைவெளி இல்லை. ஒரே தசை தேய்கிறது, களைப்பு ஆறுமுன் மறுநாள் பொழுது விடிகிறது. இப்படித்தான் ஆராய்ச்சியாளர்கள் காரணம் கூறுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், தோழர்களே! அசைவு வேண்டும், ஆனால் அது நம் வசத்தில் இருக்கும் அசைவாக இருக்க வேண்டும். கங்காணியின் விசிலுக்கு நடந்த நடை வேறு. நம் மனத்துக்கு நாமே நடக்கும் நடை வேறு. ஐம்பது வயதுவரை உடம்பு நிர்வாகத்துக்குச் சொந்தமாயிருந்தது. இப்போதுதான் அது நமக்குச் சொந்தமாகியிருக்கிறது. கையில் வந்த சொத்தை மூலையில் போட்டுத் துருப்பிடிக்க விடலாமா? தீட்டாத கத்தியால் எந்த மரமும் பால் தராது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உடம்பைச் சொன்னோம். இனி அறிவைப் பற்றிச் சொல்கிறோம். இதிலேதான் நமக்கு நெடுங்காலமாக இழைக்கப்பட்ட அநீதி இருக்கிறது.

“கூலிக்காரனுக்கு அறிவு எதற்கு? கை இருந்தால் போதாதா?” என்று நினைத்தவர்கள் இந்நாட்டை ஆண்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள்; அந்த நினைப்பு மட்டும் நம்மில் சிலர் மனத்தில் ஒட்டுப்பால்போல் ஒட்டிக் கொண்டிருக்கிறது. “இந்த வயதில் படித்து என்ன ஆகப் போகிறது?” என்று நாமே நம்மை மட்டந்தட்டிக் கொள்கிறோம்.

வரலாறு அப்படியா சொல்கிறது? தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, தொழிலாளர்களை நடுத்தெருவில் நிறுத்திய காலத்தில், 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதைத் தோற்றுவித்த துன் வீ. தி. சம்பந்தன் நம் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கட்டித் தோட்டங்களையே வாங்கியவர்கள் யார்? கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். பங்கு என்றால் என்ன, இலாபம் என்றால் என்ன என்று நாற்பதிலும் ஐம்பதிலும் கற்றுக் கொண்டார்கள். இரவுப் பள்ளியில் அரிசி விளக்கடியில் அல்ல, தங்கள் சொந்த வாழ்க்கையின் நெருக்கடியில் கற்றார்கள். அந்தத் தலைமுறைக்கா அறிவு இல்லை?

மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த லான்செட் மருத்துவக் குழு 2024ஆம் ஆண்டில் ஒரு கணக்குச் சொன்னது. உலகில் வரும் மறதி நோய்களில் ஏறத்தாழ பாதியை, அதாவது நூற்றுக்கு 45ஐ, தடுக்கவோ தள்ளிப் போடவோ வழியிருக்கக் கூடுமாம். அதற்கு மாற்ற வேண்டியவை என்று 14 காரணங்களை அடுக்கினார்கள். குறைந்த கல்வி, உடலசைவின்மை, தனிமை, கேளாத காது, மங்கிய கண், மனச்சோர்வு, இனிப்புநீர், மிகுதியான குடி ஆகியவை அவற்றுள் அடக்கம். இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். நாற்காலியில் தனியே உட்கார வைக்கப்பட்ட நம் பெரியவரின் வாழ்க்கையை யாரோ வந்து பார்த்து எழுதியதைப்போல் இல்லையா?

எனவேதான் சொல்கிறோம்: காது கேட்காத தாயாருக்குக் காதுக்கருவி வாங்கித் தருவது செல்லம் அல்ல, சிகிச்சை. கண்ணாடி மாற்றித் தருவது வீண்செலவு அல்ல. பேரப்பிள்ளையின் பாடப் புத்தகத்தைத் தாத்தா எழுத்துக் கூட்டிப் படிப்பது கேலிக்குரியதல்ல, வீட்டுக்கே பெருமை.

தாய்மார்களைப் பற்றியும் ஒரு சொல். “அம்மா சும்மாவா இருக்கிறார்? நாள் முழுதும் அடுப்படியில்தானே நிற்கிறார்” என்பார்கள். அடுப்பும் பேரப்பிள்ளையும் மட்டுமே உலகமென்றால் அதுவும் ஒரு சிறைதான். அவருக்கும் காலையில் தெருவில் இறங்கி நடக்க நேரம் வேண்டும்; சேர்ந்து பேச ஆள் வேண்டும். நம் தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி 1966ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அன்றே நம் பெண்கள் ஓடிக் காட்டிவிட்டார்கள். இன்று நடப்பதற்கா வெட்கம்?

“வயது கடந்துவிட்டது” என்பவர்களுக்கு ஃபௌஜா சிங்கைக் காட்டுகிறோம். பஞ்சாபில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மனைவியையும் மகனையும் இழந்த துயரத்தில், எண்பது வயதுக்கு மேல் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் இலண்டன் மராத்தானை ஓடினார். 2011இல், நூறு வயதில், டொரொண்டோவில் மராத்தான் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் புத்தகத்தார் அவர் சாதனையை ஏற்கவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத முதியவர்களை நம் தோட்டங்களிலும் நாம் அறிவோம் அல்லவா? பத்திரம் இல்லாவிட்டால் என்ன, கால் இருந்தது; ஓடினார். 2025ஆம் ஆண்டு, சாலை விபத்தில் மறையும்வரை, நாற்காலிக்கு அவர் அடிமையாகவில்லை.

நாம் எல்லாரையும் மராத்தான் ஓடச் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட நடை. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது கால் வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்குமான பயிற்சியும் செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும் பயிற்சிதான். அந்த நாற்காலிக்கு அப்படியாவது ஒரு நல்ல உபயோகம் கிடைக்கட்டும்! இருதய நோயும் இனிப்புநீரும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். மெல்லத் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

ஆனால் பழியை எல்லாம் தனி மனிதர் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கப் போவதில்லை. நடக்கச் சொன்னால் நடக்க இடம் வேண்டாமா? ஈப்போ நகரத்தாருக்குப் போலோ திடல் இருக்கிறது, டி. ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது, ஏறுகிறவர்களுக்குக் கிளேடாங் மலை இருக்கிறது. தோட்டத்திலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்து கிழவனையும் கிழவியையும் நாலாம் மாடியில் வைத்த இடங்களில் என்ன இருக்கிறது? மின்தூக்கி பழுதானால் அவர்கள் கைதிகள் அல்லவா? தோட்டத்தை மூடி நிலத்தை விற்று இலாபம் கண்டவர்கள், அந்த நிலத்தில் வியர்வை சிந்தியவர்களுக்கு ஒரு திடலையும் ஒரு கூடத்தையும் ஒதுக்கித் தருவது தருமமல்ல, கடன். வீடமைப்புத் திட்டங்களுக்கு அனுமதி தரும் அதிகாரிகளிடம் இதை ஓயாமல் கேட்போம்.

கேட்டுக்கொண்டே காத்திருக்கவும் வேண்டாம். நம் கையில் உள்ளதை நாம் செய்வோம். ஒவ்வொரு சங்கக் கிளையும், தோட்டக் கமிட்டியும், ஓய்வு பெற்ற அங்கத்தினர் பெயர்களை எடுத்து ஒரு நடைக்குழு அமைக்கட்டும். கோயில் மண்டபம் திருவிழாவுக்கு மட்டுமா? வாரம் இருமுறை முதியவர்கள் கூடி உடற்பயிற்சி செய்யவும், பத்திரிகையை ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு வாதாடவும் அதைத் திறந்து விடட்டும். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விடுமுறை நாளில் ஒரு வகுப்பறையைத் தரட்டும். ஈப்போவில் உள்ளவர்கள் துன் ரசாக் நூலகத்துக்குப் பெரியவர்களை அழைத்துச் சென்று தமிழ்ப் புத்தகம் கேட்கட்டும்; இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லிக் கேட்கட்டும். புந்தோங்கில் கச்சான் வறுத்து முறுக்குப் பிழியும் கைகளுக்கும், கீரைப் பாத்தி கட்டத் தெரிந்த கைகளுக்கும் இளையவர்களுக்குச் சொல்லித் தர எவ்வளவோ இருக்கிறது. சொல்லித் தருகிறவன் மனம் முதுமையடைவதில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தகப்பனாரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். நாளை விடிகாலையில் அவர் கையில் செருப்பை எடுத்துக் கொடுத்து, “வாங்க அப்பா, நடந்து விட்டு வருவோம்” என்று கூப்பிடுங்கள். அரைமணி நேரம் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கூட நடங்கள். அதுதான் நன்றிக்கடன்.

பெரியவர்களே, பிறர் வாழ நாற்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்தீர்கள். இனி நீங்கள் வாழ எழுந்திருங்கள்!

எழுவோம்! நடப்போம்! படிப்போம்!