ஜாமீன் கையெழுத்துப் போட்டால் நிலத்துக்கு வில்லங்கம் வருமா?

‘‘தங்கை மகனுக்குத் திருவண்ணாமலையில் வேலை. அடுக்குமாடி வீடு ஒன்றை மாதம் 8,000 ரூபாய் வாடகைக்குப் பேசியிருக்கிறான். ‘தாய்மாமன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், சிட்டா நகலும் வேண்டும்’ என்கிறார் வீட்டுக்காரர். போட்டால் நிலத்துக்கு வில்லங்கம் வருமா?’’
- வாசகர், கீழ்பென்னாத்தூர்.

ஜாமீன் கையெழுத்துப் போடுவதால் மட்டும் வில்லங்கச் சான்றில் எதுவும் ஏறாது. நிலத்தை ஈடாக எழுதிக் கொடுத்தால்தான் அந்தச் சிக்கல் வரும். அதற்காக, ‘சும்மா ஒரு கையெழுத்துதானே’ என்று இருந்துவிடக் கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 128-வது பிரிவின்படி, வேறுவிதமாக எழுதப்படாதவரை, வாடகைதாரருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. பையனை விட்டுவிட்டு நேராகத் தாய்மாமனிடமே பாக்கியைக் கேட்கலாம். கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டால், அவருடைய நிலத்தை ஜப்தி செய்யவும் வழி இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

‘வேறுவிதமாக எழுதப்படாதவரை’ என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. ஒப்பந்தத்தில் இவற்றை எழுதச் சொல்லுங்கள்:

* தொகை: 11 மாத வாடகையே 88,000 ரூபாய். ‘ஜாமீன்தாரர் பொறுப்பு அதிகபட்சம் 16,000 ரூபாய்’ என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும்.

* வரிசை: பாக்கி விழுந்தால் முதலில் அட்வான்ஸில் கழித்து, பையனுக்கு நோட்டீஸ் கொடுத்து, அதன் பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும்.

* காலம்: குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட ஜாமீனிலிருந்து நடுவில் விலகுவது எளிதல்ல. முடியும் தேதியையும், முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் வழியையும் சேர்க்க வேண்டும். ஒப்பந்தம் புதுப்பித்தாலோ, வாடகை கூடினாலோ புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

* உள்வாடகை: தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் வெளியூர்க்காரர்களை உள்ளே தங்க வைத்து, அதனால் வரும் சேதத்துக்கு ஜாமீன்தாரர் பொறுப்பல்ல.

வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. சிட்டா நகல் கொடுத்தால், ‘வாடகை ஜாமீனுக்கு மட்டும்’ என்று அதன் மேல் எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். மூலப்பத்திரம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. பையனுக்காகப் பணம் கட்ட நேர்ந்தால், ரசீது வாங்கி வையுங்கள். அந்தப் பணத்தை அவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை 145-வது பிரிவில் இருக்கிறது.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம் என்றாலும் விலக்கு இல்லை. தனியாக வேறு பேசிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இங்கே அது 24,000 ரூபாய்.

பொறுப்புக்கு உச்சவரம்பு எழுத வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையா? ஜாமீனைத் தவிர்த்துவிட்டு, ஒரு மாத அட்வான்ஸைக் கூட்டிக் கொடுப்பதாகப் பேசிப் பாருங்கள். மல்லாட்டை விற்ற காசில் 8,000 ரூபாய் போனால் அடுத்த பட்டத்தில் எடுத்துவிடலாம். நிலம் அப்படி இல்லை.