சுரங்கத் தூசியும் காசநோயும்

கோலார் தங்கவயலில் நடைபெற்று 1947-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் சிலிகோஸிஸ் என்னும் நுரையீரல் நோயுற்றிருந்தனர். பாறையைத் துளைக்குங்கால் எழும் சிலிகாத் தூசியே அதற்குக் காரணம். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. எனினும், ஆண்டர்சன்பேட்டையில் நெடுநாள் இருமலுற்ற முதியவரைக் காணும் களப்பணியாளர், தூசி ஒழிந்தது என எண்ணி வாளாவிருத்தல் தகாது.

நுரையீரலின் காற்றறைகளிற் புகும் அயற்பொருளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் சில உள. சிலிகாத் துகளை விழுங்கிய உயிரணு அதனை அழிக்கவியலாது தானே மடிகிறது. வெளிப்பட்ட துகளை மற்றோர் உயிரணு விழுங்குகிறது. வேலையை விட்டு ஆண்டுகள் பல கழிந்தும் இது ஓய்வதில்லை. காசநோய்க் கிருமிக்கோ இவ்வுயிரணுக்களே உறைவிடம். அவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்களும் கொலஸ்டிராலும் அதற்கு உணவு. காவலன் மனையிலேயே கள்வன் உண்டு உறங்குவதை ஒக்கும் இது. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் பிறவி நோயிலும், மூச்சுக்குழாயில் தேங்கிய தடித்த சளியிலுள்ள அமினோ அமிலங்களைக் கொண்டே சூடோமோனாஸ் கிருமி பெருகுகிறது.

ஆகையால் நோயாளியின் வயதையும் முகவரியையும் எழுதுவோர், அவர் முன்பு செய்த தொழிலையும், நிலத்தடியில் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதையும் தவறாது எழுதுதல் வேண்டும். சிலிகாத் தூசியில் உழைத்தோரை, தொழிலை விட்ட பின்னரும், காசநோய்க்காக முறையாகப் பரிசோதிக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இருமல் தோன்றும்வரை காத்திராமல் இப்பரிசோதனையை நடத்துவதே முறை. மாணவரின் பாட்டனார் சுரங்கத்தில் உழைத்தவரா என்று ஆசிரியர் கேட்டறிந்து சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.