இறாலுக்கு வந்த உதவி, கரைக்கு வந்த கலகம்

மயிலாப்பூருக்குக் கிழக்கே நொச்சிக்குப்பம். அடையாற்று முகத்துக்குத் தெற்கே ஊரூர் குப்பம். இந்தக் கரைகளின் சிறு மீனவர்களுக்கும், வடக்கே காசிமேட்டிலிருந்து கிளம்பும் இழுவைப் படகுகளுக்கும் உள்ள பகை பழைய பகை. ஒரே கடல், ஒரே தொழில், பெரும்பாலும் ஒரே சாதி சனம். அப்படியிருக்க ஏன் இந்தப் பகை? "மீனவர் முரடர்கள், அடித்துக்கொள்வது அவர்கள் குணம்" என்று மாடியில் உட்கார்ந்து பேசுவோர் பேசட்டும். உண்மை வேறு. இந்தப் பகையின் வேர் ஓர் அந்நிய உதவித் திட்டத்தில் இருக்கிறது.

1952-ல் நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மறு ஆண்டே கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைக் கரைகளில் வேலை தொடங்கிற்று. சிறு படகுக்கு எஞ்சின், ஐஸ் தொழிற்சாலை, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி, இவையே முதலில் சொல்லப்பட்ட நோக்கங்கள். நோக்கம் நல்லதுதான். நார்வே நாட்டுச் சாதாரண மக்கள் நம்மைக் கெடுக்க நினைத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் சந்தை வேறு கணக்குப் போட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நம் இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. 1966-ல் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 பைசாவாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. ஏற்றுமதி வியாபாரிக்கு அது விருந்து. உதவித் திட்டம் கற்றுக்கொடுத்த இழுவை வலை இறால் வேட்டையின் ஆயுதமாயிற்று. தமிழகக் கடலிலும் சர்க்கார் மானியத்தோடு விசைப்படகுகள் பெருகின. மானியம் இருந்தால் மட்டும் படகு வந்துவிடுமா? முன்பணமும் வேண்டும், ஜாமீனும் வேண்டும். கட்டுமரமும் வலையும் தவிர வேறொன்றும் இல்லாதவன் இவற்றுக்கு எங்கே போவான்?

இறால் கரையோர ஆழமற்ற கடலில் கிடைப்பது. கட்டுமரத்தின் பிழைப்பும் அதே கடலில்தான். அங்கே இழுவைப் படகு நுழைந்தால் அடிமண்ணோடு குஞ்சும் வாரப்படும். விரித்திருக்கும் சிறு வலை அறுந்து போகும். வலை போனால் மீனவனுக்கு என்ன மிச்சம்? கடன்தான் மிச்சம். 1970-களின் பிற்பகுதியில் சென்னையிலும் தமிழகக் கரை நெடுகிலும் கலகம் மூண்டது. படகுகள் எரிந்தன, உயிர்கள் போயின. மாண்டவர்கள் யார்? இரு பக்கத்திலும் உழைப்பாளிகள். இறாலை டாலராக மாற்றியவன் உடம்பில் ஒரு கீறலும் விழவில்லை.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்களுக்கு இது புதுக் கதையா? 1960-ல் அமெரிக்க ஃபோர்டு ஸ்தாபனத்தின் உதவியோடு 'பாக்கேஜ் திட்டம்' தஞ்சை ஜில்லாவுக்கு வந்தது. உரமும் விதையும் கடனும் நிலம் உள்ளவன் வீட்டு வாசலில் இறங்கின. விளைச்சலில் உயர்ந்த பங்கைக் கூலியாகக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கு இரையாயின. உரமூட்டை தீ வைக்கவில்லை. நிலப்பிரபுக்களின் ஆட்கள் வைத்தார்கள். ஆனால் கூலி உயராமல் விளைச்சல் மட்டும் பெருகும் இடத்தில் மோதலும் பெருகும். ஆலைத் தொழிலாளித் தோழர்களும் அறிவார்கள்: புது மெஷின் வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, லாபம் யாருக்கு, ஆட்குறைப்பு யாருக்கு என்பதே.

போராட்டம் வீண் போகவில்லை. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்றானது. கேரளத்தில் மீனவர் போராடியதால் 1988-ல் மழைக்கால இழுவைத் தடை வந்தது. உதவியின் முகமும் சற்றே மாறிற்று. 1979-ல் ஸ்வீடன் நாட்டுப் பணத்தோடு, ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. மயிலாப்பூருக்கு அருகே அபிராமபுரத்தில் இருந்த அதன் அலுவலகம் சிறு மீனவருக்கான படகு, வலை பற்றி வேலை செய்தது. சிறு மீனவன் போராடிய பிறகுதான் உதவிக்காரர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் வினை இன்னும் தீரவில்லை. நம் கரையோரத்தை வாரிய இழுவைப் படகுகள் பாக் நீரிணையைத் தாண்டுகின்றன. அங்கே வலை அறுபடுபவன் யார்? யுத்தத்தில் எல்லாம் இழந்து எழுந்த யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவன். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறையில் வாடுபவர்களில் பெரும்பாலோர் பங்குக்கும் கூலிக்கும் படகேறிய நம் தொழிலாளிகள்.

ஆகவே நாம் கேட்பது இது. கரையோரத்தில் விசைப்படகைத் தடுக்கும் சட்டம் ஏட்டில் தூங்காமல் கடலில் அமலாக வேண்டும். இழுவைத் தொழிலை விடும் தொழிலாளிக்கு மாற்று வேலை தர வேண்டும்; நஷ்டஈடு முதலாளியோடு நின்றுவிடக் கூடாது. எந்த நாட்டு உதவியானாலும், எந்த பாங்கிக் கடனானாலும், குப்பத்து மக்களைக் கூட்டி, கணக்கைப் பகிரங்கமாக வைத்து, அவர்கள் சம்மதம் பெற்ற பின்பே வர வேண்டும்.

மீனவத் தோழர்களே! கட்டுமரக்காரனின் எதிரி இழுவைப் படகில் கூலிக்கு நிற்பவன் அல்ல. இருவரையும் மோதவிட்டு இறாலை எண்ணுகிறவன்தான் எதிரி. அவனை அடையாளம் காணுங்கள்! ஒன்று சேருங்கள்!