தாடை அறுவை சிகிச்சையும் வி.ஆர். கண்ணாடியும்



நம் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குக் கீழ்த்தாடை முன்தள்ளியிருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறாள். "அழகுக்காக எலும்பை வெட்டணுமா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்சி. "இப்பல்லாம் வி.ஆர். கண்ணாடி மாட்டிப் பிளான் பண்றாங்க, பயமே வேண்டாம்" என்று இன்னொரு கட்சி. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது வெறும் அழகு விஷயம் அல்ல. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாவிட்டால் சப்பாத்தியைக்கூட முன்பல்லால் கடித்து எடுக்க முடியாது. சிலருக்குப் பேச்சும் தடுமாறும். குறை எலும்பிலேயே அதிகமாக இருந்தால், பல்லுக்குக் கம்பி கட்டுவது மட்டும் போதாது.

சிகிச்சையும் புதிதல்ல. கீழ்த்தாடையை இருபுறமும் பிளந்து நகர்த்தும் முறையை ஹியூகோ ஓப்வெகெசர் 1950களிலேயே கொண்டுவந்துவிட்டார். நெடுங்காலம் பக்கவாட்டு எக்ஸ்ரேமேல் தாள் வைத்துக் கோடு வரைந்தும், பற்களின் பிளாஸ்டர் அச்சை அறுத்து நகர்த்திப் பார்த்தும்தான் திட்டமிட்டார்கள்.

என்னிடம் புவியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சுவர் வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. உலக உருண்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் அது புரியும். எக்ஸ்ரே அந்த வரைபடம் மாதிரி, சி.டி. ஸ்கேனிலிருந்து உருவாக்கும் முப்பரிமாண உருவம் உருண்டை மாதிரி. வி.ஆர். கண்ணாடி மாட்டிய மருத்துவர் அதைச் சுற்றிவந்து பார்க்கலாம், எலும்பை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தியும் பார்க்கலாம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு வெட்டுமிடத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் முன்கூட்டியே தெரியும். அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். சிலருக்கு அது திரும்பாமலே போவதுண்டு.

ஆனால் கண்ணாடி கத்தி பிடிப்பதில்லை. பிடிப்பது மருத்துவரின் கை. எலும்பு எங்கே நிற்கும் என்று கணிக்கும் அளவுக்கு, அதன்மேல் உதடும் கன்னமும் எப்படிப் படியும் என்று கணிக்க முடியாது. ஆகவே திரையில் தெரியும் முகத்தை வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "எங்களிடம் வி.ஆர். உண்டு" என்ற விளம்பரத்தைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது.

என் கருத்து இதுதான்: இந்தக் கருவியின் பெரிய பயன் நோயாளிக்கும் காட்ட முடிவதுதான். உங்களில் பல் மருத்துவர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டம் முடிந்ததும் அந்தக் கண்ணாடியை ஐந்து நிமிடம் நோயாளிக்கும் மாட்டிவிடுங்கள். கண்ணாடி இல்லையென்றால் கணினித் திரையில் காட்டுங்கள். எந்த எலும்பு, எத்தனை மில்லிமீட்டர், நரம்பு எங்கே, எத்தனை வாரம் நீராகாரம், எத்தனை மாதம் கம்பி என்று சொல்லுங்கள். அதன்பிறகு கையெழுத்து வாங்குங்கள். புரியாத கணக்குக்கு விடையை மட்டும் எழுதச் சொல்வது நல்ல ஆசிரியருக்கும் அழகல்ல, நல்ல மருத்துவருக்கும் அழகல்ல.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. அது அவள் முகம். கல்யாணத்துக்குள் செய்துவிடு என்று அவசரப்படுத்தவும் வேண்டாம், சாமி கொடுத்த முகம் என்று தடுக்கவும் வேண்டாம். பார்த்து, கேட்டு, புரிந்துகொண்டு அவளே சொல்லட்டும். வேண்டாம் என்று சொன்னாலும் சரிதான்.

இந்த சிகிச்சை செய்துகொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அவள் படிப்பாள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்