நீட்சியை நிறுவினோம், சோதித்தோமா?



சென்ற பள்ளி விடுமுறையின்போது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லோபாக்கில் உள்ள என் இல்லத்திற்கு ஒரு விரலியோடு வந்தார். லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களிடம் கேட்டெழுதிய தாலாட்டுகள், ஒப்பாரிகள், பால்மரக் காட்டுக் கதைகள் எல்லாம் அதில் இருந்தன. 2003ஆம் ஆண்டுவாக்கில் அவரே தட்டெழுதியவை. மொத்தம் 63 கோப்புகள். பாடியவர்களுள் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. கோப்பைத் திறந்தால் தமிழ் தெரியவில்லை. தலையில் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள்தாம் வரிசை வரிசையாய் நின்றன. கணினிக் கடை ஒன்றில், “கெட்டுப் போய்விட்டது, சார். அழித்துவிடலாம்” என்று சொல்லிவிட்டார்களாம்.

அவை கெடவில்லை. அக்காலத்தில் நம்மில் பலர் திஸ்கி என்னும் குறியீட்டில் எழுதினோம். இணைமதி எழுத்துருவை நினைவிருக்கிறதா? ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தாலும், விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அதனால் பயன் விளையவில்லை. ஆகவே ஐரோப்பிய எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொண்டோம். எழுத்துரு போனதும், இருக்கைக்கு உரியவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அவ்வளவே.

இவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவி நெடுங்காலமாகவே இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் திஸ்கி மாற்றியைப் புரூனோ ஹைபிள் என்பவர் 2002இல் எழுதிச் சேர்த்தார். ஐகன்வ் என்ற கட்டளையைத் தட்டினால் போதும். இன்றைய விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம் என்பதால் தனிக் கணினியும் வேண்டியதில்லை.

ஆனால் 63 கோப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மூலத்தை மேலேயும் மாற்றத்தைக் கீழேயும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க விரும்பினேன். அதனால் நோட்பேட்++ உரைத்தொகுப்பியில் என்பிபி எக்ஸெக் என்னும் நீட்சியை நிறுவினேன். தொகுப்பியின் அடிப்பகுதியில் ஒரு கட்டளைச் சாளரத்தைத் திறந்து தரும் நீட்சி இது. எஃப்6 விசையை அழுத்திக் கட்டளையை எழுதினால், விடை கீழே வந்து விழும். நிறுவுவது எளிது. நீட்சிகளின் பட்டியலில் பெயரைத் தேடிக் குறியிட்டு ஒப்புதல் அளித்தால், தொகுப்பி தானே மூடித் திறந்துகொள்ளும். கையால் நிறுவுவோர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 64 பிட்டு நீட்சி 32 பிட்டுத் தொகுப்பியில் ஏறாது. இதை அறியாமல் ஒரு மாலைப் பொழுதை நான் வீணாக்கியதுண்டு.

நாளைக் காட்டு என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன், காட்டியது. ‘நிறுவியாயிற்று!’ என்று மகிழ்ந்து, நேரே ஒரு தாலாட்டுக் கோப்பை எடுத்து மாற்றச் சொன்னேன். கீழே வந்தது மறுபடியும் ஐரோப்பிய எழுத்துக் குவியல்! கடைக்காரர் சொன்னதுதான் உண்மையோ என்று எண்ணினேன். ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று எண்ணைக்கூடத் தேடிவிட்டேன்.

நல்லவேளையாக, அன்றிரவு வேறொன்று தோன்றியது. நானே ஒருங்குறியில் ‘கொடி’ என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதிச் சேமித்து, எந்த மாற்றமும் செய்யாமல் அதை அப்படியே காட்டுமாறு கட்டளையிட்டேன். அதுவும் குப்பையாகவே வந்தது. அப்படியானால் குற்றம் ஆசிரியரின் கோப்பிலும் இல்லை, மாற்றியிலும் இல்லை. காட்டும் சாளரத்தில்தான் இருந்தது! வந்த தமிழை அது பழைய குறியீடாக நினைத்துப் படித்திருக்கிறது. நீட்சியின் அமைப்பில், வெளியீட்டுக் குறியீட்டை யுடிஎஃப்-8 என்று மாற்றினேன். ‘கொடி’ தெரிந்தது. தாலாட்டும் தெரிந்தது.

முதலில் கண்ட குப்பையும் பிறகு கண்ட குப்பையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் காரணங்கள் வெவ்வேறு. ஒற்றைச் சொல்லால் சோதிக்காமல் போயிருந்தால் அந்த 63 கோப்புகளுக்கும் நானே ஈமக்கடன் செய்திருப்பேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? நமக்கு நடத்தப்படும் கணினிப் பயிலரங்குகள் பலவும் ‘நிறுவுதல் நிறைவுற்றது’ என்னும் செய்தியோடு முடிந்துவிடுகின்றன. அதன்பின் தேநீர், நிழற்படம், நற்சான்றிதழ். வழிகாட்டிக் கையேடுகளோ ஆங்கிலத்தில் ஒரு வரியை அச்சிட்டுக் காட்டி, வேலை செய்கிறது என்று கைகழுவிவிடுகின்றன. ஆங்கில வரி பெரும்பாலான குறியீடுகளில் ஆங்கிலமாகவே தெரியும். அது தமிழுக்குச் சோதனையே ஆகாது. பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில், “புரிந்ததா என்று கேட்காதே; படித்துக் காட்டச் சொல்” என்று எங்கள் விரிவுரையாளர் ஓயாமல் சொல்வார். மாணவனிடம் நாம் கேட்பதைக் கருவியிடமும் கேட்டால் என்ன?

கேட்பதற்குரிய சொற்களையும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘படம்’, ‘மரம்’ எல்லாம் எளிதில் தேறிவிடும். திஸ்கியில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. மாற்றி சரியில்லையென்றால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கொடி, கோழி, கௌதாரி, கை, ஸ்ரீ ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் புதுக் கருவியானாலும் முதலில் இவ்வரியைத்தான் ஊட்டுகிறேன். என் நாலாம் ஆண்டு மாணவர்களைத் தடுமாற வைப்பவையும் ஏறக்குறைய இதே எழுத்துகள்தாம் என்பது வேறு கதை.

‘இணையத்தில் ஒட்டினால் மாற்றித்தரும் பக்கங்கள் உண்டே, இத்தனை பாடு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்றால் அதுவே போதும், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். 63 கோப்புகளை வெட்டி ஒட்டும்போது எங்கே ஒரு வரி விடுபட்டது என்று யாரும் கண்டுகொள்ள முடியாது. மேலும், யாரோ ஒரு தாயின் ஒப்பாரியை முன்பின் அறியாத வழங்கிக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

58 கோப்புகள் ஒரே கட்டளையில் ஒழுங்காக மாறின. நான்கு கோப்புகள் அடம்பிடித்தன. முன்னொரு நாள் யாரோ உதவி செய்வதாக நினைத்து அவற்றைத் திறந்து, ‘யுடிஎஃப்-8ஆக மாற்று’ என்பதை அழுத்திச் சேமித்திருக்கிறார்கள். ஐரோப்பிய எழுத்தாகத் தெரிந்தது ஐரோப்பிய எழுத்தாகவே ஆகிவிட்டது. அந்த மாற்றத்தைத் தலைகீழாகச் செய்து, பிறகு திஸ்கியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. எனவே, பழைய கோப்பு வைத்திருப்போர் தயவுசெய்து படியெடுத்து, படியில் மட்டும் கைவையுங்கள். மூலத்தைத் திறந்து சேமிக்கவே சேமிக்காதீர்கள்.

எஞ்சிய ஒன்று திஸ்கியே அன்று. 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் வந்த டாப் குறியீடாக இருக்கலாம், அல்லது ஏதேனும் தனி எழுத்துருவாக இருக்கலாம். எந்த எழுத்துருவில் தட்டினார் என்பது ஆசிரியருக்கு நினைவில்லை. பழைய நெகிழ்வட்டுகளின் உறைமேல் பெயர் எழுதி வைத்திருந்ததாகச் சொல்லி, வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.