உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இன்னும் யாரெல்லாம் பார்க்கலாம்?

ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காக லேப் வாசலில் காத்துக் கிடந்த காலம் மாறிவிட்டது. இன்று மணவாளக்குறிச்சியில் வீட்டில் இருந்தபடியே, போனுக்கு வரும் லிங்க்கைத் தட்டி ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த ரிப்போர்ட் இருக்கும் ஃபோல்டருக்குப் பூட்டு இருக்கிறதா?

மும்பையில் நடந்தது என்ன?

2016 டிசம்பரில் மும்பையின் ஹெல்த் சொல்யூஷன்ஸ் ஆய்வகத்தின் சுமார் 43,000 மருத்துவ ரிப்போர்ட்டுகள் இணையத்தில் திறந்து கிடப்பதை ஆஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் வெளிக்கொண்டுவந்தார். அவற்றில் எச்ஐவி பரிசோதனை முடிவுகளும் இருந்தன, நோயாளிகளின் பெயரோடு. அவற்றைப் பார்க்க பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. முகவரி தெரிந்தால் போதும்.

இது எப்படி நடக்கிறது?

ஒரு ஃபோல்டரின் முகவரியைக் கேட்டால், வெப் சர்வர் முதலில் அதில் முகப்புப் பக்கம் இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால், 'அனுமதி இல்லை' என்று சொல்ல வேண்டும். ஆனால், 'டைரக்டரி லிஸ்டிங்' என்ற வசதி ஆன் ஆகியிருந்தால், உள்ளே இருக்கும் கோப்புகள் அத்தனையையும் பட்டியல் போட்டுக் காட்டிவிடும். கூகுள் போன்ற தேடுபொறிகள் அந்தப் பட்டியலைப் படித்துச் சேமித்துக்கொள்ளவும் கூடும்.

என்ஜின்எக்ஸ் சர்வரில் இந்த வசதி இயல்பாகவே ஆஃப். உபுண்டுவில் அப்பாச்சியை நிறுவினால், வழக்கமான வெப் ஃபோல்டருக்கு இது ஆன் ஆகியே வரும். அணைக்க, அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். அதோடு வேலை முடிந்துவிடாது. கோப்புகளுக்கு 1001, 1002 என்று வரிசை எண் கொடுத்திருந்தால், பட்டியல் இல்லாமலே அடுத்தவர் ரிப்போர்ட்டை ஊகித்துவிடலாம். லாகின் செய்தவருக்கு, அவருடைய கோப்பை மட்டும் கொடுப்பதே சரியான வழி.

யார் பொறுப்பு?

இப்படி ஒன்று வெளியே வந்ததும் 'ஹேக் பண்ணிட்டாங்க' என்று கைகழுவுவது வழக்கம். இதை ஹேக்கிங் என்று சொல்வதே தவறு என்பது என் கருத்து. உடைப்பதற்கு இங்கே பூட்டே இல்லை. 'ஹேக்கர்' என்று சொன்னதும் பழி முகம் தெரியாத யார் மீதோ போய்விடுகிறது. காசு வாங்கிக்கொண்டு ரிப்போர்ட் கொடுத்த நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது.

பெருநகரத்தில் 43,000 பெயர்களில் ஒரு பெயர் கூட்டத்தில் கரைந்துபோகலாம். மணவாளக்குறிச்சி போன்ற ஊரில் அப்படி இல்லை. பெயரையும் வயதையும் பார்த்தாலே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சு, வேலை, அக்கம்பக்கத்தின் பார்வை எல்லாமே ஒரு பிடிஎஃப்பில் மாறிப்போகலாம். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், நோய் விவரத்தை எப்படி மாற்றுவது?

சட்டம் என்ன சொல்கிறது?

எச்ஐவி விவரங்களைப் பாதுகாக்க 2017-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஆனால், இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின; பாதுகாப்புக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசமும் தரப்பட்டிருக்கிறது. ஒரு வரியை மாற்ற இவ்வளவு அவகாசம் எதற்கு?

சின்ன லேப்களுக்கு ஐடி ஆள் வைக்க வசதி இல்லை என்பது உண்மைதான். அதற்காக நோயாளி விலை கொடுக்க முடியாது. வெப்சைட் செய்துகொடுப்பவரிடம் 'லிஸ்டிங் ஆஃப் பண்ணியாச்சா, லாகின் இல்லாமல் ரிப்போர்ட் திறக்குதா?' என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கலாமே. நீங்களும் லிங்க் வந்ததும் ஒன்று செய்து பாருங்கள். லாகினோ ஓடிபியோ கேட்காமல் உங்கள் ரிப்போர்ட் திறந்தால், அந்த லிங்க் கையில் கிடைக்கும் யாருக்கும் அது திறக்கும். உடனே லேபுக்கு போன் போட்டுக் கேளுங்கள்.