மணத்திற்கும் அளவு உண்டு

உயர்ந்த வாசனைத் திரவியத்தைச் சிறு குப்பியில் வாங்குவது கஞ்சத்தனம் அன்று; மணத்தின் இயல்பே அளவைப் பொறுத்தது. திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்திற்குப் பின் மூலவருக்குச் சாத்தப்படும் புனுகு, செறிந்திருந்தால் முகம் சுளிக்க வைக்கும். சிறிதளவே கலந்தால் மணக்கும். பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று அதன் எதிர்ப்பொருளைத் தருகிறது. புனுகில் அவ்விரண்டும் ஒருங்கே உண்டு.

கடையில் காகிதப் பட்டையில் நாம் முகர்வது முதற்சில நிமிடங்களை மட்டுமே. எலுமிச்சை மணம் விரைவில் ஆவியாகும். சந்தனமும் அகிலும் தோலில் நெடுநேரம் தங்கும். திருப்பதி வெயிலில், வியர்வையோடு அவை எவ்வாறு மாறுகின்றன என்றறியப் பல நாள் பூசிப் பார்க்க வேண்டும். அதற்கு 2 மில்லி போதும்.

அத்தரைப் போலவே பிற திரவியங்களையும் சித்தூர், திருப்பதிக் கடைகள் சிறு குப்பிகளில் விற்க வேண்டும். உதவித்தொகையில் வாழும் மாணவரும் 100 மில்லிப் புட்டி வாங்காமலே நல்ல மணங்களை அறியட்டும்.